நாப்பது பேரு பாத்த பக்கம்

இல்ல இல்ல, நீங்க தச்சுக்கிட்டே இருங்க டைலரம்மா, மெஷினுக்கு ஒண்ணுமில்ல. போன வாரம்தானே எண்ணெய் விட்டுட்டுப் போனேன். இன்னிக்கு ரிப்பேருக்கு வரல. என் பக்கத்தக் காட்டலாம்னு வந்தேன். அதான், இன்டர்நெட்டுக்கு நானே செஞ்ச பக்கம். நல்லாருக்கா இல்லையான்னு உங்க வாயால கேக்கணும்.

யாரு சொல்லிக் குடுத்தாங்களா? யாருமில்ல. லைப்ரரில ஒரு புக்கு எடுத்தேன், மூணு தடவ தவணை நீட்டிச்சேன். கஷ்டம்லாம் இல்லங்க, உங்க வேலதான். தைக்க ஆரம்பிக்கிற எடத்துலயும் முடிக்கிற எடத்துலயும் முன்ன பின்ன ஓட்டி நூலக் கெட்டிப்படுத்துறீங்கல்ல? அங்கயும் அப்படித்தான். தலைப்பு இங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு குறி, இதோட முடிஞ்சுதுன்னு இன்னொரு குறி. நான் முதல் குறியப் போட்டேன், ரெண்டாவத விட்டுட்டேன். தையல் மெஷின் ரிப்பேர்ங்கறதுலேர்ந்து கடைசில என் ஃபோன் நம்பர் வரைக்கும் அத்தனை எழுத்தும் தலைப்பு மாதிரியே பூசணிக்கா சைசு! ஒரு நாள் பூரா தேடினேன், எங்கடா தப்புன்னு. சிரிங்க, சிரிங்க. ஊசி, பாத்து.

அது சரியானதும் எனக்குக் காலு தரையில நிக்கல. ஸ்கிரீன்ல பக்கத்துக்கு மேல இருந்த விலாசத்த அப்படியே காப்பி பண்ணி நாப்பது பேருக்கு அனுப்பிட்டேன். கூத்து என்னன்னா, அந்தப் பக்கம் இன்டர்நெட்டுக்குப் போகவே இல்ல. என் கம்ப்யூட்டருக்குள்ளயே உக்காந்திருக்கு. நான் அனுப்புனது, அது அங்க எந்த மூலைல இருக்குங்கற விலாசம். என் பீரோவுல ரெண்டாவது தட்டுல இருக்கு, எடுத்துப் பாருங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்ன மாதிரி.

ஆனா வந்த பதில் இருக்கே! அருமை, பிரமாதம், அசத்திட்டீங்க. என் மக கட்டைவிரல் படம் அனுப்புனா. என் மச்சான், அதான் என் வீட்டுக்காரியோட தம்பி, கலர கண்ணுல ஒத்திக்கலாம்னான். நீங்க ஒருத்தர்தான் ஒண்ணுமே வரலையேன்னு எழுதுனீங்க.

மறைக்காம சொல்லிடறேன், கோவம்தான் வந்துச்சு. உங்க ஃபோனு பழசுன்னு நெனச்சேன். அப்புறம் மனசு கேக்காம லைப்ரரி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா, வெறும் வெள்ளை. மச்சானுக்கு ஃபோன் போட்டு, என்ன கலருடா பாத்தேன்னேன். நீலம்னான். நான் போட்டது மஞ்சள்!

அன்னிலேர்ந்து எது செஞ்சாலும் உங்ககிட்டதான் கேக்கணும்னு தோணுது.

இப்ப ஒழுங்கா ஏத்திட்டேன். இந்தாங்க, உங்க ஃபோன்லயே தொறங்க. வருதா? அப்பாடா. எழுத்து பொடிசா இருக்கா? ஆமா, மெஷின் ரிப்பேருக்குத் தேடி வர்றவங்க பாதிப்பேரு கண்ணாடிக்காரங்க. பெருசாக்கிடறேன். பாருங்க, இத யாராச்சும் சொன்னாங்களா?

இருங்க, ஃபோன கீழ வைக்காதீங்க. இன்னொரு பக்கம் இருக்கு. அந்த விலாசம் நாப்பது பேருல யாருக்கும் போகல. என் மகளுக்கு மட்டும் காட்டினேன். ஏம்ப்பா, இத நேர்ல கேக்க மாட்டியான்னா. நேர்ல ஆரம்பிச்சா நான் எங்கெங்கயோ போயிடுவேன், இவ்வளவு நேரம் பாத்தீங்கல்ல. வீட்டுக்காரி தவறிப் போயி ஆறு வருஷமாச்சு. நீங்களும் ரொம்ப வருஷமா தனியாவே... சரி. பெருசா ஒண்ணுமில்ல, ஒரே வரி. நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. அதுக்குக் கீழ ரெண்டு பட்டன். சரின்னு ஒண்ணு, வேணாம்னு ஒண்ணு. ரெண்டும் ஒரே அளவு, ஒரே கலரு. எதையும் தூக்கிக் காட்டல.

வேணாம்ங்கறத நானே நாலு தடவ அமுக்கிப் பாத்துட்டேங்க. நல்லா வேல செய்யுது.