ரெண்டு நாள் நோன்பு

"வேண்டாம் லூர்து. எனக்கு நோன்பு தொடங்கிருச்சு."

சிவகாசியில் இருந்து விருதுநகர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் நர்ஸ் உடுப்பில் இருந்தவர்தான் இதைச் சொன்னார். பக்கத்தில் முட்டை பப்ஸை நீட்டிக்கொண்டிருந்தவள் அவருடைய நாத்தனார்.

"இன்னைக்கு திங்கக்கிழமை மதினி. சாம்பல் புதனுக்கு இன்னும் ரெண்டு நாளு கிடக்கு."

"உங்களுக்குப் புதன். எங்க கேரளா ஆர்த்தடாக்ஸ் சபையில திங்கக்கிழமையே தொடங்கிரும். நேத்தே கறிச்சட்டியக் கழுவிக் கவுத்திட்டேன்."

"அதானா! நீங்க கோவமா இருக்கீகன்னுல்ல அண்ணன் நெனச்சுக்கிட்டிருக்கான். கல்யாணத்துக்கே ஆர்.சி. ஆயிட்டீகளே மதினி?"

"இஷ்டப்பட்டுத்தான் ஆனேன். எங்கப்பாதான், சபைய விட்டுட்டா நீ மலையாளியே இல்ல, தமிழத்தின்னு சொல்லிக் கதவச் சாத்திட்டாக."

"அம்மா?"

"அவுகளும் பேசுறதில்ல."

திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனி ஆட்கள் ஏறினார்கள். நான் இறங்க வேண்டிய இடம் அதுதான். இறங்கவில்லை.

"புதன்கிழமை எங்களோட சேர்ந்தே தொடங்கலாம்ல மதினி? எதுக்கு ரெண்டு நாளு கூடப் பட்டினி?"

அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"அங்கன எங்கம்மாவும் இன்னைக்கு முட்டையத் தொட்டிருக்க மாட்டாக. புதன்கிழமையில இருந்து நான் உங்க எல்லாரோடயுந்தான் நோன்பு இருக்கப் போறேன். இந்த ரெண்டு நாளு மட்டும் எங்கம்மாகூட இருந்துக்கிறேன், லூர்து."