நீலப் புகை விட்ட புல்வெட்டும் மெஷின்

மாப்பிள்ளை, பொண்ணு... ரெண்டு பேரும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. போட்டோ எடுக்கிற தம்பி, நீயும் சித்த இருப்பா. பந்தியில இலை போடறதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்.

ஏற்காட்டுல அருள்தாஸ், ரெஜினான்னு ஒரு தம்பதி. வீட்டை ஒட்டி பெரிய புல்தரை. கல்யாண வரவேற்புக்கு அதை வாடகைக்கு விடறதுதான் பொழப்பு.

ஒரு தடவை ரெண்டு பேருக்கும் சண்டை. எதுக்கு? பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேக்காம வாசல் கேட்டுக்கு ரோஸ் பெயிண்ட் அடிச்சுட்டாரு! அவ்வளவுதான்... பேச்சு நின்னுபோச்சு. சாப்பாடு வரும், பேச்சு வராது. அவர் நாயைப் பாத்துச் சொல்லுவாரு, "சீசர், ரசத்துல உப்பு இல்லடா." அந்தம்மாவும் நாயைத்தான் பாப்பாங்க. "சீசர், உப்பு டப்பா அவர் கைக்கிட்டதான் இருக்கு."

சிரிக்கிறீங்க... உங்க வீட்ல நாய்க்குப் பதிலா பிள்ளைங்க. வேற என்ன வித்தியாசம்?

இந்த நேரத்துல ஒரு வரவேற்பு வந்துச்சு. சாயங்காலம் விருந்து. புல்லோ கணுக்கால் மறையற அளவு வளந்து கெடக்கு. அருள்தாஸ் புல்வெட்டும் மெஷினோட கயித்தை இழுத்தாரு. ஓடுச்சு... ஓடுன உடனே குபுகுபுன்னு நீலப் புகை! பந்தல்காரங்க இருமிக்கிட்டே ஓடுறாங்க. ரெஜினா சமையக்கட்டுலருந்து பதறி வந்தாங்க.

"ஏங்க! அணைங்க முதல்ல!"

அணைச்சுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. "இஞ்சின் போச்சும்மா. பொண்ணு வீட்டுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"இருங்க, எண்ணெயைப் பாப்போம்." அளவு பாக்குற கம்பியை உருவுனாங்க. எண்ணெய் கோட்டைத் தாண்டி எங்கேயோ நிக்குது!

"நீங்க ஊத்துனீங்களா?"

"நேத்தே ஊத்திட்டேனே."

ரெஜினா கம்பியைத் துடைச்சுக்கிட்டே மெதுவா, "நானும் ஊத்திட்டேங்க. வேலை நடுவுல மெஷின் நின்னு நீங்க அவதிப்படக் கூடாதேன்னு... அவசரத்துல அளவு பாக்கல. ஊத்துனதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே... சீசர்கிட்ட!"

ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கல. சிரிச்சுக்கிட்டே அதிகமான எண்ணெயை வடிச்சாங்க. மறுபடி கயித்தை இழுத்தா... மறுபடியும் புகை! அவர் அணைக்கப் போனாரு. ரெஜினா கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "விடுங்க, ஓடட்டும். உள்ள போன எண்ணெய் எரிஞ்சு தீர வேணாமா?"

தீந்துச்சு. புகை வெளுத்து, மெலிஞ்சு, காணாமப் போச்சு. புல்லு வெட்டி, சாயங்காலம் விருந்தும் ஜோரா நடந்துச்சு.

மாப்பிள்ளை... பொண்ணு... அந்த வீட்ல பாசத்துக்கா பஞ்சம்? பேசாம இருந்த நாள்லயும் ஒருத்தருக்காக ஒருத்தர் எண்ணெய் ஊத்தியிருக்காங்க! வாயைத் திறந்து சொல்லல, அதான் புகைஞ்சுச்சு. உங்களுக்கும் சண்டை வரும். வரட்டும். ஆனா பேசிடுங்க. பேசின பிறகும் கொஞ்ச நேரம் புகையத்தான் செய்யும்... பயந்து அணைச்சுடாதீங்க. கையைப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நில்லுங்க. தெளிஞ்சிடும்.