வெள்ளிக்கிழமை வரை மஞ்சள்

திறப்புவிழா ரிப்பன் கசங்கியிருந்தால் எனக்குப் பிடிக்காது. அன்று காலையில் அதை நானே தேய்த்துக் கட்டினேன். விசாரணையில் இதையெல்லாம் கேட்கமாட்டீர்கள். ஆனாலும் ஒரு வேலையை நான் எப்படிச் செய்வேன் என்பது உங்களுக்குத் தெரியட்டும், ஐயா.

பெயர் தமிழ்வாணி. கோச்சடை மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாகப் பச்சிளங்குழந்தை வார்டின் தலைமை நர்ஸ். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான்தான் வகுப்பெடுப்பேன். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை சாதாரணம், நீல விளக்கின்கீழ் இரண்டு நாள் கிடத்தினால் இறங்கிவிடும், கவனிக்காமல் விட்டால் மூளைக்கு ஏறும், காதைக் கெடுக்கும். நான் சொல்லும்போது இதுவரை ஒருத்திகூடக் கொட்டாவி விட்டதில்லை.

எங்களிடம் ஒரு நீல விளக்கு இருந்தது. பழசு, கிரைண்டர் மாதிரி சத்தம் போடும். சேவைச் சங்கத் தலைவர் விருமாண்டி அண்ணன் புதிதாக ஒன்று வழங்கினார். விளக்கைவிட அதன்மேல் எழுதிய அவர் பெயர் பெரியது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழித்துத் திறப்புவிழா. அதுவரை பெட்டியைப் பிரிக்கக்கூடாது என்பது அவருடைய ஒரே வேண்டுகோள். செவ்வாய்க்கிழமை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

“தங்கச்சி, உள்ள படுக்கவைக்க நல்ல மஞ்சப் பிள்ளையா ஒண்ணு எடுத்துவையி. வெள்ளையா ஒண்ணப் போட்டா போட்டோவப் பாக்குறவன் சிரிப்பான்.”

“பிள்ளைய ஆர்டர் குடுத்து வாங்க முடியுமா, அண்ணே?”

“ஒன்னால முடியாததா?”

அந்த ஒரு வார்த்தைக்கு நான் உருகிவிடுவேன்.

புதன்கிழமை காலை பிள்ளை வந்தே விட்டது. டி. கல்லுப்பட்டி நாகஜோதி பெற்ற மூன்று நாள் பெண்குழந்தை. மஞ்சள் அளவு பதினெட்டு. டாக்டர் அருள்பாண்டி ‘உடனே விளக்கில் வைக்கவும்’ என்று எழுதி, ‘உடனே’வுக்குக் கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டு மாநாட்டுக்கு விமானம் ஏறினார். அவருக்குக் கோடு போடுவது பிடிக்கும்.

என் சங்கடத்தைப் பாருங்கள். பழைய விளக்கில் வைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் குணமாகிவிடும். குணமான பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன திறப்புவிழா?

பழைய விளக்கு ரிப்பேர் என்று நாகஜோதியிடம் சொன்னேன்.

“அப்ப வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன் சிஸ்டர். கண்ணு முழியெல்லாம் மஞ்சளா இருக்கே.”

“எதுக்கும்மா அலையுற? புது மெஷின் வந்துருச்சு. ஒன் பிள்ளதான் மொதப் பிள்ள. பேப்பர்ல படம் வரும்.”

இதைக் கேட்டதும் அவள் கணவன் முத்துப்பாண்டி சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்கப் போனான்.

அதுவரை சன்னலோரம் வெயிலில் காட்டச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பிள்ளை எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டது. பால்கூடக் குடிக்காமல் தூங்கியது.

“எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டேங்குது சிஸ்டர்.”

“விழாவுல அழுகாம இருந்தாச் சரி” என்றேன். வேடிக்கைக்குத்தான்.

வாசலில் தவில், சரவெடி. வார்டுக்குள் மைக். மூன்று பேச்சாளர்கள் விருமாண்டி அண்ணனை ‘ஒளிவிளக்கு’ என்றார்கள். உண்மையான விளக்கு எரிய ஒன்றே முக்கால் மணிநேரமானது. அத்தனை சத்தத்திலும் பிள்ளை அசையவில்லை. “என்னா அமைதி, பாத்தீகளா. தங்கச்சி கைப்பக்குவம்” என்று அண்ணன் மைக்கிலேயே சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் அளவு முப்பத்திரண்டு. பெரியாஸ்பத்திரியில் உடம்பு ரத்தத்தையே மாற்றினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. உங்கள் கோப்பில் அதை மட்டும் யாரும் எழுதக் காணோம்.

பழைய விளக்கு நிஜமாகவே பழுதா என்று கேட்டீர்கள். இல்லை, ஐயா. புதன்கிழமை அதன் குழல்களைக் கழற்றியவள் நான்தான். என் பீரோவில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்றுகூட உடையவில்லை.

ஆனால் சற்றுமுன் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். உங்கள் பியூன் டீத் தட்டைக் கீழே போட்டார். நீங்கள் துள்ளினீர்கள், நானும் துள்ளினேன். நாகஜோதி மடியிலிருந்த பிள்ளை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் விரல் சப்பிக்கொண்டிருந்தது. எட்டு மாதப் பிள்ளைக்கு அம்புட்டு நிதானம். பிறந்த வாரத்தில் அது யார் கையில் இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.