உப்பு மட்டும் தங்கும்

உப்பு கரைய நேரம் பிடிக்கும், சார். வாளியில் தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று பலர் உடனே மீன் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். நான் ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டு மறுநாள்தான் ஊற்றுவேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இங்கிருந்து தொடங்கினால்தான் பதில் ஒழுங்காக வரும்.

இளம் வயதில் என்னிடம் ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. வேலை மாறி ஒற்றை அறைக்குக் குடிபோனபோது அதை விற்றுவிட்டேன். அதன்பின் பல வருடங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அச்சகத்துக்குப் பிழை திருத்துவது என் தொழில். முன்பெல்லாம் அங்கேயே போய் உட்கார்ந்து பார்ப்பேன். பிறகு எல்லாவற்றையும் வீட்டுக்கே அனுப்பத் தொடங்கினார்கள். ஒருநாள் கூரியர்காரர் பெயர் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அந்த வாரத்தில் அதுதான் என் முதல் பேச்சு. மறுபடி தொட்டி வைக்கலாம் என்று அன்றுதான் முடிவு செய்தேன். வீட்டில் மோட்டார் சத்தமாவது கேட்டுக்கொண்டிருக்கும்.

கடைக்காரர் இளைஞர். நான் கேட்ட சாமான்களில் பாதி இப்போது வருவதே இல்லை என்றார்.

"இப்பல்லாம் தண்ணியைப் பக்குவப்படுத்துற நல்ல கிருமி பாட்டில்லயே வருதுண்ணே. ஊத்துங்க, ரெண்டே நாள்ல மீனை விட்டுடலாம்."

நான் வாங்கவில்லை. கல்லும் மணலும் போட்டு, மீன் இல்லாமல் தண்ணீரை மட்டும் வாரக்கணக்கில் ஓடவிட்டேன். தண்ணீர் தானாகப் பக்குவப்பட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வந்தாள். இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அவளுடைய மகள் வீட்டில் தரை பெயர்த்து வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடிகிறவரை, பயணத்துக்குத் தெம்பு வருகிறவரை, என்னிடம் இருப்பது என்று ஏற்பாடு. டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். உப்பு அறவே கூடாது. உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், நெஞ்சு தாங்காது. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அக்கா ஒரு பெட்டியோடு வந்தாள். வந்ததும் தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மீன் எங்கடா?"

"இன்னும் விடலக்கா."

"வெறும் தண்ணிக்கு லைட் போட்டு உக்காந்து பாக்குற ஒரே ஆள் இந்த உலகத்துல நீதான்."

அந்த வீட்டில் யாரோ சிரிப்பதை நான் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

முதல் மீன்களை அவள் இருக்கும்போதுதான் கொண்டுவந்தேன். பையிலிருந்து அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை அவை இருக்கும் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழவிட வேண்டும். உப்பின் அளவு மெல்ல மாறினால் மீனுக்குத் தெரியாது. திடீரென்று மாறினால் செத்துவிடும். குழாயை அக்காதான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மீனுக்கு இவ்வளவு உபசாரமா? நான் வந்த அன்னிக்கு நீ ஒரு காபி கூடக் கொடுக்கலயேடா."

அவள் சாப்பாடுதான் பெரிய பாடாக இருந்தது. உப்பில்லாத எதுவும் அவளுக்கு இறங்கவில்லை. "இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள். கன்னம் ஒட்டிப்போனது. ஒருநாள் மனசு கேட்காமல் ஒரு சிட்டிகை போட்டேன். சமையல் உப்பு. தொட்டிக்கு வாங்கியது மனிதர்கள் சாப்பிடுவதற்கானதல்ல. அந்த வித்தியாசம் தெரியாதவன் அல்ல நான்.

கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு அவள் சொன்னாள்: "இப்பதான்டா உன் கைக்குப் பக்குவம் வந்திருக்கு."

என்னை யாரும் பாராட்டிப் பழக்கமில்லை. தொடர்ந்து போட்டேன்.

சில நாட்களில் அவள் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எழும்ப நேரமானது. வாராவாரம் வரும் நர்ஸ் பார்த்துவிட்டு, இந்த நிலையில் பயணம் வேண்டாம் என்றார். எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தோம். அக்கா மகள் போனில் அழுதாள். "நீங்க மட்டும் இல்லன்னா அம்மா என்ன ஆயிருப்பாங்களோ, மாமா." அன்று இரவு சூப்பில் உப்பு போடவில்லை. பயந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். வீக்கம் வடிந்தது. அக்கா எழுந்து நடந்தாள். சமையலறை வாசலில் நின்று, "அடுத்த வாரம் கிளம்பிடலாம் போலிருக்கேடா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

தொட்டிக்கு உப்பு நிறுக்கும் சின்னத் தராசு என்னிடம் இருந்தது. அதிலேயே நிறுத்தேன். குத்துமதிப்பாகச் செய்வது என் சுபாவம் இல்லை. ஒவ்வொரு நாளும் துளி கூடுதலாக. அவள் நாக்குக்கு அது தெரியவில்லை, சாப்பாடு ருசியாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. நீரை வெளியேற்றும் மாத்திரையை ஒரு வேளை கூடத் தவறவிட்டதில்லை. நர்ஸைக் கேட்டால் சொல்வார். கால் வீங்கும், பயணம் தள்ளிப்போகும், நான் நிறுத்துவேன், வடியும். வீங்கிய காலைத் தூக்கி வைக்க ஏதாவது வேண்டும் என்றார் நர்ஸ். அவளுடைய பெட்டி சரியான உயரத்தில் இருந்தது. தொட்டிக்கு முன்னால் நாற்காலி, அதற்கு முன்னால் பெட்டி, அதன்மேல் அவள் கால்கள். இருவருமாகப் பேசிக்கொண்டே மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். என் குரல் நன்றாகத் தெளிந்துவிட்டிருந்தது.

இதில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் செய்வது. தொட்டியில் தண்ணீர் ஆவியாகித் தினமும் கொஞ்சம் குறையும். அதற்கு வெறும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நீர்தான் போகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. தெரியாதவர்கள் உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்புவார்கள். மேலுக்கு எந்தக் குறையும் தெரியாது. மீன் தின்னும், நீந்தும். ஒருநாள் எல்லாம் சேர்ந்து வரும். ஒவ்வொரு முறை கால் வடிந்தபோதும் பழைய கணக்கு தீர்ந்துவிட்டது, புதிதாகத் தொடங்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். பழுதுபட்ட நெஞ்சில் ஒவ்வொரு தடவையும் ஏதோ தங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தொட்டி விஷயத்தில் நான் அப்படி நினைத்திருக்கவே மாட்டேன்.

பிறகு மகள் போன் செய்தாள். "டிக்கெட்டெல்லாம் வேண்டாம் மாமா. சனிக்கிழமை நானே கார் எடுத்துட்டு வரேன். படுக்க வச்சே கூட்டிட்டுப் போயிடலாம்."

அக்கா போனைக் கையில் வாங்கி, "வாடி, சீக்கிரம் வா" என்றாள்.

அந்த வாரம் மட்டும் நான் அவசரப்பட்டேன். மெல்லக் கூட்ட நாள் போதவில்லை. புதன்கிழமை சூப்பைக் குடித்துவிட்டு, "என்னடா, இன்னிக்குக் கடலையே கரைச்சுட்டியா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மீதி வைக்கவில்லை. மறுநாளும் அதே அளவு போட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. "டேய், படுக்க முடியல. டாக்டரைக் கூப்பிடுடா" என்றாள். டாக்டர் வந்தால் ரத்தம் எடுப்பார். ரத்தத்தில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பார். முந்தைய தடவைகளைப் போலக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். போன் என் சட்டைப்பையில் இருந்தது. அவள் கை அந்தப் பையைத் தொட்டது, நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். தொட்டியின் விளக்கைக் கூட்டி வைத்தேன், மீன்கள் நன்றாகத் தெரியட்டும் என்று. கை சில்லிட்டுப்போன பிறகும் விடவில்லை. சாயங்காலம் மோட்டார் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். அதில் மாற்றமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். யாரையாவது அனுப்பித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர்.

அப்புறம், பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். வந்த நாளிலிருந்து அவள் அதைக் காலி செய்யவே இல்லை, துவைத்த துணியைக்கூட மறுபடி அதற்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறாள் என்றீர்கள். உண்மைதான். அலமாரியில் அவளுக்கென்று இரண்டு தட்டு ஒழித்துக் கொடுத்திருந்தேன். கடைசிவரை ஒரு துணிகூட அதில் வைக்கவில்லை. எனக்கு இடம் போதாமல் போய்விடுமே என்று யோசித்திருப்பாள். அக்கா எப்போதும் அப்படித்தான், என்னைவிட்டுப் போக அவளுக்கு மனசே வராது.