கயிற்றை விடாத கப்பி

பாய்ப்படகுக்குக் கப்பி வாங்கப் போகிறவர்கள் கயிற்றைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று இருப்பதைப் பார்த்து மயங்கி வாங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கயிறு தடித்திருக்கும், கப்பியின் பள்ளத்தில் உட்காராது. காய்ந்த கயிற்றை வைத்துப் பார்ப்பதும் போதாது, நனைந்தால் அது ஊதிவிடும். அதனால் நான் கயிற்றை ஒரு வாளியில் ஊறப்போட்டு, ஈரத்தோடு பையில் சுற்றி எடுத்துப் போவேன். கடைக்காரர் எனக்கு 'ஈரக்கயிறு டாக்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

நான் பல் மருத்துவன் என்பது உங்களுக்குத் தெரியும், ஐயா. சின்னப் பொருள்களோடு பழகிய கை. படகின் கப்பிகளை வாரம் தவறாமல் நானே கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, பழைய பல் பிரஷ்ஷால் உப்பையும் மணலையும் எடுப்பேன். எண்ணெய் விடமாட்டேன். விட்டால் மணல் வந்து அப்பிக்கொள்ளும். சக்கரத்தை விரலால் சுண்டினால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். கரகரவென்றால் உள்ளே உருளும் குண்டுகள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். பக்கத் தகட்டில் மயிரிழை விரிசல் கண்டாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

விபத்துக்குக் காரணம் பழுதான கப்பி என்று விசாரணையில் யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை மறுக்கத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அந்தப் படகில் பழுதான பொருள் எதுவும் இல்லை.

படகு என் மூத்த மகளுடையது. வீட்டில் அவளைப் பெரியவள் என்போம், வயது பதினாறு. அடுத்தவள் சின்னவள், அவளுக்கு ஒன்பது. பெரியவள் ஓட்டியது தனியாளாக ஓட்டும் பந்தயப் பாய்ப்படகு. காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது அவளுக்குக் கன்னத்திலேயே தெரிந்துவிடும். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. திடீரென்று காற்று பலமாக அடித்தால் பாய்க்கயிற்றை விட்டுவிடுவாள். விட்டதும் பாய் காற்றை உதறிவிடும், படகு நிமிர்ந்துகொள்ளும், வேகம் செத்துப்போகும். பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போய்விடுவார்கள். அப்படி விடுவதுதான் பாதுகாப்பு என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். பாதுகாப்பாக இருக்க வேண்டுமென்றால் கரையிலேயே இருக்கலாமே.

"பயமா இருக்கா?" என்று ஒரு நாள் காரில் வரும்போது கேட்டேன்.

"பயம்லாம் இல்லப்பா. கை தானா விட்டுடுது."

கை தானாக விடுகிறது என்றால், கையை நம்பக் கூடாது. விட முடியாதபடி சாமானை மாற்ற வேண்டும். நான் அதை அப்படித்தான் பார்த்தேன். கோபமெல்லாம் இல்லை.

பாய்க்கயிறு கடைசியாகப் படகின் நடுத்தரையில் இருக்கும் ஒரு கப்பி வழியாகத்தான் ஓட்டுபவரின் கைக்கு வரும். பழைய கப்பி தேய்ந்திருந்தது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான். உள்ளே பல் வைத்த கப்பி என்று ஒன்று உண்டு. இழுக்கும்போது டிக் டிக்கென்று சுற்றும். கயிறு திரும்பி ஓடப் பார்த்தால் சக்கரம் நின்று பிடித்துக்கொள்ளும். கைக்குப் பாரம் குறையும். வேண்டாதபோது பல்லை விலக்கிக்கொள்ள அதன் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். நான் பொத்தான் இல்லாததைக் கேட்டேன். அதிலும் ஓர் அளவு சின்னதாக. ஈரக்கயிறு அதில் இறுகி உட்கார்ந்தது.

"யாருக்கு டாக்டர், பொண்ணுக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா."

"காத்து அடிச்சா லேசுல விடாதுங்க இது."

"அதுக்குத்தான் வாங்கறேன்."

வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கப்பிக்கு முன்னால் கயிற்றைக் கடித்துப் பிடிக்கும் கவ்வி ஒன்று இருக்கிறது. அது தாழ்வாக இருந்தால், உடம்பை வெளியே சாய்த்து உட்கார்ந்திருப்பவர் கயிற்றை ஒரு சொடுக்கு சொடுக்கியே விடுவித்துவிடலாம். நான் அதற்கு அடியில் ஓர் ஆப்பை வைத்து உயர்த்தினேன். இனி சொடுக்கினால் வராது. உள்ளே வந்து, குனிந்து, இரண்டு கையாலும் பிடுங்க வேண்டும்.

முதல் பயிற்சி முடிந்து பெரியவள் உள்ளங்கை உரிந்து வந்தாள். "இது விடவே மாட்டேங்குதுப்பா. பழசையே போடுங்கப்பா, ப்ளீஸ்" என்றாள். மருந்து போட்டுக் கட்டிவிட்டேன். மறுவாரம் பார்த்தால் ஆப்பைக் காணோம். அவளே கழற்றி எறிந்திருக்கிறாள். நான் பிள்ளைகளை அடிப்பவன் இல்லை, ஐயா. எங்கள் வீட்டில் யாரையும் கேட்டுப் பாருங்கள். குரலைக்கூட உயர்த்தியதில்லை. வேறோர் ஆப்பு செய்து வைத்தேன். பிறகு இரண்டு பேரையும் உட்கார வைத்து ஓர் ஏற்பாட்டைச் சொன்னேன். பயிற்சியில் பெரியவள் கயிற்றை விட்டால் அன்று இரவு சின்னவளுக்குச் சாப்பாடு கிடையாது.

"நான் விட்டா எனக்கு நிறுத்துங்க. பாப்பா என்ன பண்ணா?" என்றாள் பெரியவள்.

அவளுக்கு நிறுத்தினால் பந்தயத்துக்கு உடம்பில் தெம்பு இருக்காது. அதைப் பொறுமையாக விளக்கினேன்.

ஆரம்பத்தில் சின்னவள் சில இரவுகள் பட்டினி கிடந்தாள். என் மனைவி ஒருமுறை ஒளித்து வைத்து ஊட்டப் பார்த்தாள். சமையலறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். சின்னவள் முரண்டு பிடிக்கிற குழந்தை அல்ல. படகுத்துறையில் நின்றுகொண்டு, அக்காவின் பாய் உதறுகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். உதறினால் என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு ஒரு நாள் பெரியவளின் பாய் உதறவே இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எப்படி என்று பார்க்கப் பக்கத்தில் போனேன். கயிற்றின் நுனியை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள்.

நான் சொல்லிக்கொடுத்தது அல்ல அது. அவளாகவே கண்டுபிடித்தது. ஓட்டத் தெரிந்த யாரும் அப்படிக் கட்டிக்கொள்ளமாட்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று இருவரையும் வெளியே கூட்டிப் போய் வயிறாரச் சாப்பிட வைத்தேன். சின்னவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பெரியவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தயத்தன்று காற்று கொஞ்சம் அதிகம். என் மனைவியின் தம்பி, என் மச்சான், மீட்புப் படகில் இருந்தான். புறப்படும் முன் என்னிடம் வந்து, "அத்தான், இன்னிக்கு வேண்டாம். நிறையப் பேர் பதிவு பண்ணாமலே போயிட்டாங்க" என்றான்.

"அப்ப ஆள் கம்மி. நல்லதுதானே" என்றேன்.

நான் மோட்டார் படகில் பின்னாலேயே போனேன். பெரியவள் முன்னால் இருந்தாள், நல்ல இடைவெளி. அவள் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. பந்தயப் பாதையின் கடைசி மிதவையைச் சுற்றியபோது காற்று சுழன்று அடித்தது. மற்றவர்களின் பாய்கள் படபடவென்று உதறின. அவளுடையது உதறவில்லை. படகு அப்படியே சரிந்து, பாய்மரம் கீழே போகும்படி தலைகுப்புறக் கவிழ்ந்தது.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். கை நீட்டினால் தொடும் தூரம்.

கவிழ்ந்த படகைத் தானே நிமிர்த்திக்கொண்டு ஓட்டினால் பந்தயம் தொடரும். நான் தொட்டால் பந்தயத்தில் அவள் கதை முடிந்தது. ஆபத்தில் இருப்பவருக்கு யாரும் உதவலாம் என்று விதியிலேயே இருக்கிறதே என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். ஆனால் அது ஆபத்தா இல்லையா என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டுமல்லவா? பக்கத்தில் இருந்தவன் நான். அவளுடைய அப்பாவும் நான்தான்.

கவிழ்ந்த படகுக்கு அடியில் கொஞ்சம் காற்று தங்கும். அவள் அதற்குள் இருந்தாள். உள்ளேயிருந்து தட்டினாள். நான் இன்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்து கேட்டேன்.

"அப்பா, கை மாட்டிக்கிச்சுப்பா. இழுக்குதுப்பா."

"பதட்டப்படாதே. கவ்வியிலிருந்து பிடுங்கு. ரெண்டு கையாலயும்."

"வரமாட்டேங்குதுப்பா."

அலை ஒன்று வந்து போனது. இருமினாள்.

"நான் கயிற விடலப்பா. பாப்பாவ சாப்பிடச் சொல்லுங்க."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நிமித்து முதல்ல" என்றேன்.

மற்ற படகுகள் இன்னும் மிதவைக்கு வந்து சேரவில்லை. நேரம் இருந்தது. மச்சானின் படகு சீறிக்கொண்டு வந்தது. கை காட்டி நிறுத்தினேன். "தொடாதே. அவளே நிமித்திடுவா. இன்னும் அவதான் முன்னால இருக்கா" என்றேன். தட்டுகிற சத்தம் அவனுக்கும் கேட்டது. ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். அவன் என்னை மதிக்கிறவன், நான் சொன்னால் கேட்பவன். அன்றும் கேட்டான். கொஞ்ச நேரம் கேட்டான். தட்டுவது நின்ற பிறகுதான் குதித்தான். மறுபடி மறுபடி முங்கி, கத்தியால் கயிற்றை அறுத்து அவளை மேலே கொண்டுவந்தான். அருமையான கயிறு. கப்பியிலிருந்து ஓர் அங்குலம்கூட நழுவியிருக்கவில்லை.

மருத்துவமனையில் மச்சான் என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். என் மனைவி அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சின்னவளைத் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். துக்கத்தில் செய்கிறார்கள், எனக்கு யார் மீதும் வருத்தமில்லை. கப்பியைத் தேர்ந்தெடுத்தது நான். ஆப்பு வைத்தது நான். பக்கத்தில் இருந்தும் தொடாமல் இருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு கோரிக்கை. கிளப்பின் முடிவுப் பலகையில் பெரியவளின் பெயருக்கு நேராக 'விலகினார்' என்று எழுதியிருக்கிறார்கள். அவள் விலகவில்லை. கூப்பிடாமலே வந்து படகைத் தொட்டது என் மச்சான். அவள் மீது எந்தத் தவறும் இல்லை, ஐயா. அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.