விற்காத மஞ்சள் விமானம்

அன்று காலை ஆர்வின் தன் பான்கேக்கை முடித்துவிட்டு, என் தட்டில் மிஞ்சியிருந்த மேப்பிள் பாகையும் வழித்துக்கொண்டான். "டாக்டர் உன்னத்தானே இனிப்பக் குறைக்கச் சொன்னாரு அக்கா, ஏதோ என்னால முடிஞ்ச உதவி" என்றான். கூடாரத்துக்கு வெளியே மடக்கு மேசை போட்டிருந்தோம். புல் நனைந்து கிடந்தது. முந்தின நாள் மாலை மழை கொட்டியிருந்தது. விஸ்கான்சினில் ஜூலை மாதம் அப்படித்தான்.

பழைய விமானம் வாங்க நினைப்பவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. முதலில் குனிந்து வயிற்றுப் பக்கம் பார்க்க வேண்டும். எண்ணெய் வழிந்திருந்தால் அங்கே தெரியும். அதைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தால் இன்னும் நன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. சோளக்காடுகளுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவர். தம்பிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எனக்கு விமானத்தைச் சுற்றி வந்து சோதிக்கக் கற்றுக்கொடுத்தார்.

நான் ஊர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆர்வினுக்குப் பால் பண்ணை. அவன் மனைவி எப்போதோ போய்விட்டாள். வருடம் முழுவதும் அவன் மாடுகளோடும் நான் புத்தகங்களோடும் இருப்போம். ஜூலை வந்தால் இந்தப் புல்வெளிக்கு வந்துவிடுவோம். நாடெங்கிலுமிருந்து ஆட்கள் தங்கள் விமானங்களில் வந்து இறங்கி, இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் போட்டுத் தங்குவார்கள். விற்பனைக்கு உள்ளவை ஓரமாக வரிசை கட்டி நிற்கும். நாங்கள் ஆளுக்கொரு பொட்டலம் பொரித்த பாலாடைக்கட்டியை வாங்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்போம்.

நாங்கள் எதையும் வாங்கியதில்லை. ஒன்றுக்கு இருக்கை கிழிந்திருக்கும். ஒன்று ஆர்வினின் முழங்காலுக்கு ஒத்துவராது. ஒன்றன் சொந்தக்காரர் அதிகமாகச் சிரிப்பார். மூன்றாம் வரிசைக் கோடியில் கிளீட்டஸ் என்பவரின் மஞ்சள் விமானம் எல்லா வருடமும் நிற்கும். கண்ணாடிக்குள் ஒரு அட்டை, அதில் விலை. அவரும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"வந்துட்டாங்கப்பா அக்காவும் தம்பியும். இந்த வருஷமாவது வாங்குவீங்களா, இல்ல சும்மா தடவிப் பாத்துட்டுப் போவீங்களா?"

"விலையக் குறைச்சிருக்கீங்களா?" என்பான் ஆர்வின்.

"ஏத்தியிருக்கேன்."

"அப்போ அடுத்த வருஷம் வர்றோம்."

மூன்று பேரும் சிரிப்போம். வருடத்தில் எனக்கு அந்த ஒரு சிரிப்புப் போதும்.

அந்த வருடம் ப்ரிபில் என்ற கிழவர் ஒரு வெள்ளி நிற விமானத்தைக் கொண்டுவந்திருந்தார். இரண்டே இருக்கை, ஒன்றன் பின் ஒன்றாக. கண் மங்கிவிட்டதால் விற்கிறேன் என்றார். ஆர்வின் குனிந்து வயிற்றைப் பார்த்தான். எழுந்து கிண்டல் எதுவும் செய்யவில்லை. இறக்கையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மழைக்கு முன்பே கை குலுக்கி முடித்துக்கொண்டார்கள்.

"தேடி முடிச்சாச்சு அக்கா" என்றான் கூடாரத்துக்கு வந்து.

"அப்போ அடுத்த ஜூலைக்கு?"

"இங்க எதுக்கு வரணும்? கையில விமானத்த வச்சுக்கிட்டு விமானம் பாக்க வருவாங்களா? மொன்டானா போலாம், மெக்சிகோ போலாம். பின் சீட்டு உனக்குத்தான். வேற யாரு ஏறுவா என்னோட?"

அவன் அன்பானவன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவன் என்னை விட்டுப் போகவில்லை, ஏமாற்றவில்லை. எங்களுக்கென்று இருந்த ஒன்றை முடித்துவைத்தான், அவ்வளவுதான். முடித்தோம் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. படுத்த உடனே தூங்கிவிட்டான்.

விடிந்ததும் நான் முதலில் எழுந்தேன். மழைக்குப் பிறகு செய்யும் வேலை ஒன்று உண்டு. இறக்கைகளில் இருக்கும் பெட்ரோல் தொட்டிகளுக்கு அடியில் சிறு குழாய் இருக்கும். கண்ணாடிக் குவளையை வைத்து அதை அழுத்தி, கொஞ்சம் பெட்ரோலை வடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விமானப் பெட்ரோல் நீல நிறம். பழைய மூடி வழியாக மழைநீர் இறங்கியிருந்தால் நீலத்துக்கு அடியில் நிறமில்லாமல் தங்கியிருக்கும். அப்பாவுக்காக நான் இதை எத்தனையோ காலைகளில் செய்திருக்கிறேன். அன்றும் வெள்ளி விமானத்தின் இரண்டு இறக்கைகளிலும் வடித்துப் பார்த்தேன். குவளையைப் புல்லில் கவிழ்த்துக் கழுவி வைத்தேன். பிறகு பான்கேக் சுட்டேன்.

சாப்பிட்டதும் ஆர்வின் விமானத்தைச் சுற்றி வர ஆரம்பித்தான். முதல் சுற்று தனியாகப் போய்விட்டு வந்து என்னை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். இப்படிச் சுற்றி வந்து சோதிப்பவனிடம் யாரும் பேசக் கூடாது. புல்வெளியில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. யாராவது பேசிவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடுத்தவர் சோதித்ததை நம்பவும் கூடாது.

அவன் இடது இறக்கைக்கு அடியில் குவளையோடு குனிந்தபோது நான் பேசினேன்.

"ரெண்டு பக்கமும் நான் காலையிலேயே வடிச்சுப் பாத்துட்டேன்டா."

நிமிர்ந்தான். "அட, நல்லதாப் போச்சு. அங்க ஓடுபாதையில கொடி காட்றவன் என்னையே முறைச்சிட்டு நிக்கிறான் பாரு. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி பின்னாடி வரிசை கட்டி நிக்கிறாங்க." குவளையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டான்.

நான் சொன்னதில் பொய் இல்லை. தம்பியிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.

நன்றாகத்தான் எழும்பினான். சோளக்காட்டுக்கு மேலே போனபோது எஞ்சின் சத்தம் நின்றது. பக்கத்துக் கூடாரக்காரர் கையில் காப்பியோடு எழுந்து நின்றார். நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்தேன்.

விபத்தை விசாரித்தவர்கள் நல்ல மனிதர்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, மழைநீர் இறங்கியிருக்கிறது, ஓட்டியவர் அவசரத்தில் வடித்துப் பார்க்காமல் விட்டிருக்கிறார் என்றார்கள். ப்ரிபில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்த ரப்பர மாத்தணும்னு நெனச்சுட்டே இருந்தேம்மா" என்றார். அவருக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புகிறேன். உங்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதுகிறேன். அதுவும் உண்மைதான்.

குவளையில் நான் என்ன பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மேலே மெல்லிய நீலப் படலம், அதற்குக் கீழே முழுக்கத் தண்ணீர். கொட்டிவிட்டு மறுபடி வடித்தேன். அதேதான். எஞ்சின் தரையிலேயே இருமி நின்றுவிடும், அவன் எரிச்சலோடு இறங்கி வந்து ப்ரிபிலிடமே திருப்பிக் கொடுத்துவிடுவான் என்றுதான் நினைத்ததாகச் சில காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் அப்பாவின் மகள். எஞ்சினுக்குப் போகும் குழாயில் இருக்கும் பெட்ரோல் ஓடுபாதையைக் கடக்கப் போதுமானது, தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்து சேரும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அவனை அனுப்பினேன். கையசைக்கவும் செய்தேன்.

அடுத்த ஜூலை நான் தனியாகப் போனேன். ஒரு பொட்டலம் பாலாடைக்கட்டியோடு வரிசை வரிசையாக நடந்தேன். குனிந்து வயிறுகளைப் பார்த்தேன். மூன்றாம் வரிசைக் கோடியில் கிளீட்டஸ் என்னைக் கண்டதும் எழுந்து தொப்பியைக் கழற்றினார். நானே ஆரம்பித்தேன்.

"விலையக் குறைச்சிருக்கீங்களா?"

"உங்களுக்கு வேணும்னா குறைக்கிறேன்மா."

"வேண்டாம். நாங்க இன்னும் பாத்துட்டுத்தான் இருக்கோம்" என்றேன்.

இந்த வருடமும் போய் வந்தேன். மஞ்சள் விமானம் அங்கேயேதான் நிற்கிறது. கண்ணாடிக்குள் அதே அட்டை.