பதினோரு ஜிபி

— அதைத் தொடாதே சின்னு! கையை எடு. விண்டோஸ்னு போட்டிருக்கில்ல, அந்த ஃபோல்டருக்குள்ள போய் எதையும் அழிக்கக் கூடாது. அழிச்சா இந்தக் கம்ப்யூட்டர் அப்புறம் எழுந்தே உட்காராது.

— பெருசா இருந்துச்சுக்கா. அதான்.

— பெருசா இருக்கிறதெல்லாம் குப்பையா? லாஜிக்கா யோசி. முதல்ல எதுக்கு இடம் வேணும், எவ்வளவு வேணும், அதைச் சொல்லு.

— பிரஸ்காரர் ஒரு பென் டிரைவ் குடுத்திருக்கார். பழைய பதிவேடு, பக்கம் பக்கமா ஸ்கேன் எடுத்தது. பதினாலு ஜிபி. இதுல காப்பி பண்ணிக்கிட்டு மூணு மணிக்குள்ள டிரைவைத் திருப்பிக் குடுத்துடணும். அப்புறம் பார்த்துப் பார்த்து டைப் அடிக்கணும். ஆறு மாச வேலை.

— இங்க மிச்சம் எவ்வளவு இருக்கு?

— முந்நூறு எம்பி. கோடு செவப்பாயிடுச்சு.

— முந்நூறு எம்பியை வச்சுக்கிட்டு பதினாலு ஜிபிக்கு ஒத்துக்கிட்டு வந்தியாக்கும். அம்மா போய் மூணு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள ஆறு மாச வேலை வேற.

— சும்மா உட்கார்ந்தா உள் ரூம்ல இருமுற மாதிரியே இருக்கு. டைப் அடிச்சா அந்தச் சத்தத்துல கேக்காது.

— சரி சரி, ஆரம்பிக்காதே. தள்ளி உட்காரு, நான் பண்றேன். டாக்சி ரெண்டரைக்கு வரும், அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். என்னடி நாற்காலி இது, ஒரு பக்கமா சாயுது?

— வலது பக்கமா உட்காராதே. நடுவுல உட்காரு.

— முதல்ல ரீசைக்கிள் பின். திறந்து பார்த்துட்டுத்தான் காலி பண்ணணும், எப்பவும். வேணுங்கிறது உள்ள விழுந்து கிடக்கும். கடவுளே, இதைக் காலி பண்ணி எத்தனை வருஷம் ஆச்சு?

— காலி பண்ணணும்னே தெரியாதுக்கா. அழிச்சா போயிடும்னு நினைச்சேன்.

— அழிச்சது எதுவும் சட்டுனு போயிடாது. அதான் நீ தெரிஞ்சுக்க வேண்டிய முதல் விஷயம். ரைட், ஒரு ஜிபி வந்துச்சு. அடுத்தது டிஸ்க் கிளீனப். டெம்பரரி ஃபைல், பழைய அப்டேட்டோட மிச்சம், இதையெல்லாம் அதுவே எடுத்துக் காட்டும். டிக் போட்டா போதும். நீயா ஃபோல்டரைத் தேடிப் போய் நோண்டக் கூடாது. புரிஞ்சுதா?

— ம்.

— ம்னா?

— புரிஞ்சுதுக்கா.

— ஒரே சீட்டுக்கட்டு விளையாட்டை ரெண்டு தடவை ஏத்தி வச்சிருக்கே. யாரு விளையாடுறது?

— அம்மாதான். ஊசி போட்டா தூக்கம் வராது அவளுக்கு. நான் பக்கத்துல உட்கார்ந்து மவுஸைப் பிடிச்சுப்பேன், அவ விரலால காட்டுவா, அதை இங்க வை, இதை அங்க வைன்னு.

— இனிமே யாரும் விளையாடப் போறதில்லையே. அன்இன்ஸ்டால். ஃபோல்டரை மட்டும் அழிச்சுட்டு நிம்மதியா இருக்கக் கூடாது, முறையா கன்ட்ரோல் பேனல்ல போய்த்தான் எடுக்கணும். டவுன்லோட்ஸ்ல பாரு, ஒரே ஃபார்ம் பதினேழு தடவை. ஏன்டி ஒண்ணையே பதினேழு தடவை இறக்கினே?

— ஆஸ்பத்திரி ஃபார்ம். ஒவ்வொரு அட்மிஷனுக்கும் ஒண்ணு.

— ஓ.

— பதினெட்டாவதுக்கு ஃபார்ம் கேக்கலை. நேரா உள்ள கொண்டுபோயிட்டாங்க.

— சின்னு, நான் வேணும்னே வராம இருக்கலை. லீவு குடுக்கலை. எத்தனை தடவை சொல்றது?

— நான் ஒண்ணும் கேக்கலையே.

— நீ கேக்க மாட்டே. முகத்தை மட்டும் இப்படி வச்சுப்பே. சரி, நாலரை ஜிபி தேறிடுச்சு. இன்னும் பத்து வேணும். இனிமே உன் சொந்த ஃபைல்ல கை வைக்காம நடக்காது. டைப் பண்ணின வேலையெல்லாம் எங்க?

— அது வேண்டாம். கஸ்டமர் திடீர்னு வந்து கேப்பாங்க. அதோட அதெல்லாம் ரொம்ப சின்னது.

— பரவாயில்ல, அது தெரிஞ்சிருக்கே உனக்கு. இது என்ன, 'மருந்து'ன்னு ஒரு ஃபோல்டர்? ரெண்டாயிரம் ஆடியோ இருக்கு!

— அது வேண்டாம்க்கா.

— மருந்துச் சீட்டு ஆடியோவுலயா குடுக்கறாங்க இப்போ? கேப்போம்.

— அக்கா, வேண்டாம். குளோஸ் பண்ணு.

— இரு இரு. "அம்மாவுக்கு வெள்ளை மாத்திரை ராத்திரி ஒண்ணுதான், மறந்துடாதீங்க. நீங்க சாப்பிட்டீங்களா? சாப்பிட்டுட்டு ஒரு மெசேஜ் போடுங்க." அடேங்கப்பா! யாரு, அந்த மருந்துக் கடைக்காரரா? "நீங்க சாப்பிட்டீங்களா!" என்ன ஒரு குழைவு பாரேன். ரெண்டாயிரம் தடவை சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கார் மனுஷன்.

— சிரிக்காதே.

— சிரிக்காம? நாப்பது வயசுல மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதையெல்லாம் சேர்த்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே. மொத்தம் எவ்வளவு... நானூறு எம்பி. செலக்ட் ஆல்.

— அக்கா, நானூறு எம்பியில உனக்கு என்ன இடம் வந்துடப் போகுது? விடு.

— இடத்துக்காக இல்ல, சின்னு. உனக்காகத்தான். ரெண்டு வருஷமா அந்த ஆள் எட்டிக்கூடப் பார்க்கலை. நீ தினம் இதைக் கேட்டுக்கிட்டு இருப்பே, எனக்குத் தெரியாதா உன்னை? இது ஒரு வியாதி. யாராவது ஒருத்தர் எடுத்துவிடணும். ஷிஃப்ட், டெலீட். முடிஞ்சுது.

— இரு, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்.

— என்ன, அழறியா? அழுதா அழு. ஒரு நாள் எனக்கு நன்றி சொல்லுவே.

— அழலை.

— உண்மையைச் சொல்லட்டுமா? அந்த ஆளுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. நான் ஒரே ஒரு போன்தான் பண்ணினேன், அன்னிக்கே ஓடிட்டார்.

— நீ போன் பண்ணியா?

— ஆமா. அம்மாதான் சொன்னா, சின்னுவைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கார், நல்ல மனுஷனா இருக்கார்னு. சந்தோஷமா வேற சொன்னா. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. நம்பரை வாங்கிப் பேசினேன்.

— என்ன பேசினே?

— தப்பா ஒண்ணும் பேசலை. அவளுக்கு உள்ளூர இஷ்டமில்ல, முகத்துக்கு நேரா சொல்லத் தெரியாம முழிக்கிறா, நீங்களே கௌரவமா ஒதுங்கிக்கிட்டா நல்லதுன்னேன். சரிங்கன்னார். அவ்வளவுதான்.

— அவர் கடையை மாத்திட்டுப் போறப்போ, 'உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுடுங்க'ன்னு ஒரு மெசேஜ் போட்டார். என்ன தொந்தரவுன்னு எனக்குப் புரியவே இல்லை. ரெண்டு வருஷமா யோசிச்சேன்.

— லாஜிக்கா யோசி சின்னு. நீ கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா அம்மாவை யார் பார்ப்பா? எனக்கு அங்க ரெண்டு ரூம் வீடு, அவருக்கு ஷிஃப்ட் வேலை, பசங்க பரீட்சை. யாராவது ஒருத்தர் விட்டுக்குடுத்துத்தானே ஆகணும்?

— ஆமாம். யாராவது ஒருத்தர்.

— பார்த்தியா, உனக்கே புரியுது. பழசைக் கிளறாதே. நேரமாச்சு, வேலையைப் பார்ப்போம். இப்போ எல்லா ஃபைலையும் சைஸ் வாரியா அடுக்கிட்டேன். ஹா! இங்க பாரு, முதல் இடத்துல உட்கார்ந்திருக்கு. பதினோரு ஜிபி, ஒரே வீடியோ. பேர் இல்ல, வெறும் நம்பர். என்ன இது?

— வீடியோதான்.

— அது தெரியுது. தேதி போன மாசம் போட்டிருக்கு. சினிமா எதுவும் இறக்கினியா?

— இல்லை.

— பின்னே? தையல் கிளாஸா?

— திறந்து பாரேன்க்கா.

— இந்தக் கட்டை வண்டியில பதினோரு ஜிபியைத் திறக்கிறதுக்குள்ள என் ஃப்ளைட் போயிடும். ஒரே வார்த்தைல சொல்லு, இது முக்கியமா இல்லையா?

— எனக்கு முக்கியம் இல்லை.

— நிச்சயமா? ரீசைக்கிள் பின்ல கொள்ளாதுன்னு சொல்லுது, நிரந்தரமா அழிக்கட்டுமான்னு கேக்குது. யெஸ் போட்டா போச்சு.

— தெரியாத எதையும் திறந்து பார்க்காம அழிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே.

— எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியுமே! உன் மெஷின், உன் ஃபைல். வேணுமா வேண்டாமா?

— நான் ஒரு தடவை பார்த்துட்டேன். எனக்கு வேண்டாம்.

— ரைட். யெஸ். பார்த்தியா, செவப்பு போய் நீலம் ஆயிடுச்சு! பதினாறு ஜிபி கிட்ட ஃப்ரீ. ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டேன். நீயா பண்ணியிருந்தா விண்டோஸையே காலி பண்ணியிருப்பே. இரு, டாக்சிக்காரர் கூப்பிடறார். ஹலோ? ஆமாங்க. பேக்கரி தாண்டி ரெண்டாவது திருப்பம், இரும்பு கேட்டு. இல்லை, ஏர்போர்ட்தான். பெட்டி ரெண்டு. பத்து நிமிஷமா? சரி. சின்னு, நான் பெட்டியைப் பூட்டிட்டு முகம் கழுவிட்டு வரேன். நீ டிரைவைச் சொருகி காப்பியை ஆரம்பிச்சு விடு. பென் டிரைவைப் பாதில பிடுங்கிடாதே.

— பிடுங்க மாட்டேன்.

— இன்னும் ஓடுதா அது?

— முடியப் போகுது. நீ முகம் கழுவ இவ்வளவு நேரமா?

— அம்மா பீரோவை ஒரு தடவை பார்த்தேன். ரெண்டு புடவை எடுத்துக்கிட்டேன், நீ கட்ட மாட்டேதானே. அப்புறம்... சின்னு, ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளு.

— அம்மா எனக்குன்னு எதுவும் வச்சுட்டுப் போகலையா? நகையைக் கேக்கலை. ஒரு லெட்டர், ஒரு வார்த்தை. நாலு நாளா நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நான் கடைசில வரலைதான். அதுக்காக ஒண்ணுமே வைக்காம போயிருப்பாளா?

— வச்சிருந்தாளே.

— எங்க? என்னது?

— பதினோரு ஜிபி.

— என்ன சொல்றே நீ?

— ரெண்டு மணி நேரம் பேசினா. உன்கிட்டதான், வேற யார்கிட்டயும் இல்லை. என் போன்ல எடுத்தேன். நடுவுல தூங்கிட்டா, நான் நிறுத்தலை. தூங்கி எழுந்து மறுபடியும் பேசினா. போன்ல இடம் இல்லைன்னு இதுல ஏத்திட்டு அங்க அழிச்சுட்டேன். அனுப்பாதே, அவ வர்றப்போ பக்கத்துல உட்கார வச்சுக் காட்டுன்னு சொன்னா.

— காப்பியை நிறுத்து! நிறுத்துடி! அழிச்சது சட்டுனு போகாது, அது மேல வேற எதுவும் எழுதாம இருந்தா மீட்டுடலாம். தள்ளு, பவரைப் பிடுங்கறேன்...

— பிடுங்கிக்கோ. தொண்ணூத்தெட்டு சதவீதம் ஆயிடுச்சு. பதினாறுல பதினாலு. மிச்சம் ரெண்டு ஜிபியில அவ எங்கேயாவது ஓரமா உட்கார்ந்திருந்தாத்தான்.

— நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே! அழிக்கட்டுமா அழிக்கட்டுமான்னு கேட்டேனே! ஒரு வார்த்தை சொன்னியா?

— திறந்து பாருன்னேன்.

— பாவி... இப்படி ஒரு மனசாடி உனக்கு?

— நாலு நாளா காட்டணும்னுதான் இருந்தேன். இன்னிக்கு காலையில நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டு வச்சேன். அதுக்கப்புறம்தான் நீ அந்த போன் விஷயத்தைச் சொன்னே.

— அதுவும் இதுவும் ஒண்ணா? அது யாரோ ஒரு கடைக்காரர். இது அம்மாடி!

— எனக்கு ரெண்டு பேரும்தான் இருந்தாங்க.

— சின்னு, ஹாரன் அடிக்கிறான். சின்னு, உன் காலைப் பிடிச்சுக்கறேன். என்ன சொன்னா? நீ கூடத்தானே இருந்தே, உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமில்ல. சொல்லு.

— இருக்கு. வரிக்கு வரி இருக்கு.

— அப்போ சொல்லேன்!

— மொத்தமா சொல்ல மாட்டேன். நீ வா. ஒரு தடவை வந்தா ஒரு விஷயம் சொல்றேன். அம்மா இருந்தப்போ அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தே. இனிமே எப்படி வர்றேன்னு பார்ப்போம்.

— நீ இட்டுக்கட்டிச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?

— தெரியாது. சரி, நாலு நாள் இருந்திருக்கே, வெறுங்கையோட அனுப்பலை. இந்தத் தடவைக்கு ஒண்ணு சொல்லிடறேன், கேட்டுக்கிட்டுப் போய் டாக்சியில ஏறு. கேமராவை வச்சதும் முதல் வார்த்தையே அதுதான்: "நான் போறதுக்குள்ள அவ வர மாட்டா சின்னு. ஆனா இதைக் கண்டிப்பா பார்ப்பா."